பெரட்டல் சட்டி நடு மேசைக்கு வரட்டும்

டிசம்பர் இரண்டாம் வாரம் பிறந்தால் போதும், கோலாலம்பூர் ஹோட்டல்களின் விருந்து விளம்பரங்கள் கைப்பேசியில் வந்து குவியும். முழு வான்கோழி, பழுப்பு நிறக் குழம்பு, கிரான்பெர்ரி சாஸ், வெண்ணெய் தடவிய காய்கறி. முன்பதிவு செய்தால் சலுகை உண்டு. நாமும் பணம் கட்டுவோம். இருபத்து நான்காம் தேதி இரவு அந்தப் பறவையை மேசை நடுவில் வைத்துப் படம் எடுப்போம். அப்புறம் என்ன நடக்கும் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நெஞ்சுக்கறி காய்ந்துபோய்த் தொண்டையில் நிற்கும். பிள்ளைகள் சில்லி சாஸ் கேட்பார்கள். பெரியப்பா மரியாதைக்கு ஒரு துண்டைத் தின்றுவிட்டு, "உள்ள வேற ஒன்னும் இல்லையாம்மா?" என்று குசினிப் பக்கம் எட்டிப் பார்ப்பார். உள்ளே இருக்கும். அடுப்போரமாக, மூடி போட்டு, பாட்டி செய்த ஆட்டுக்கறிப் பெரட்டல் இருக்கும். அரை மணி நேரத்தில் சட்டியில் சோற்றைப் போட்டுத் துடைத்து எடுத்துவிடுவார்கள். வான்கோழி மூன்று நாள் ஐஸ்பெட்டியில் கிடந்து நான்காம் நாள் சூப்பாகும்.

நான் கேட்கிறேன். எல்லோரும் ஆசைப்படும் கறி குசினியில் ஏன் ஒளிந்திருக்கிறது? யாரும் ஆசைப்படாத கறி நடு மேசையில் ஏன் உட்கார்ந்திருக்கிறது? யார் போட்ட உத்தரவு இது?

யாரும் போடவில்லை. நாமே போட்டுக்கொண்டோம். "மலாய்க்காரங்களுக்குக் கெத்துப்பாட், ரெண்டாங் இருக்கு. சீனவங்களுக்குப் பெருநாள் முதல் நாள் ராத்திரி குடும்ப விருந்து இருக்கு. தீபாவளிக்கு எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சு, இட்லிக்குக் கோழிக்கறின்னு ஒரு முறை இருக்கு. எங்க கிறிஸ்துமஸுக்குன்னு என்னங்க இருக்கு? ஏதோ பிரியாணி ஆக்குவோம், கேக் வாங்குவோம்." கிள்ளான் பள்ளத்தாக்கில் எத்தனை தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளில் இந்தப் புலம்பலைக் கேட்டுவிட்டேன்! கேட்கும்போதெல்லாம் கோபம் வருகிறது. இல்லாதவனின் புலம்பல் என்றால் பரவாயில்லை. இது வைத்துக்கொண்டே இல்லை என்று சொல்கிறவனின் புலம்பல்.

முதலில் அந்த வான்கோழியின் ஜாதகத்தைப் பார்ப்போம். அது இங்கிலாந்துப் பறவையே கிடையாது. மெக்ஸிகோவிலிருந்து ஸ்பானியர்கள் கொண்டுபோய், 16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் நுழைந்த பறவை. அதற்குப் பிறகும் பல தலைமுறைகளுக்குச் சாதாரண ஆங்கிலேயன் வீட்டில் கிறிஸ்துமஸ் என்றால் பெரிய வாத்துதான். லண்டன் தொழிலாளிகள் வாராவாரம் சாராயக் கடையில் சில்லறை கட்டி, டிசம்பரில் ஒரு வாத்தாக வாங்கிக்கொள்ளும் சீட்டு நடத்தினார்கள். 1843இல் சார்ல்ஸ் டிக்கன்ஸ் எழுதிய 'எ கிறிஸ்துமஸ் கேரல்' கதையில் ஏழை கிராட்சிட் வீட்டு மேசையில் இருப்பதும் வாத்துதான். மனம் திருந்திய கருமி ஸ்க்ரூஜ் பெரிய மனுஷத்தனமாக வாங்கி அனுப்புவதுதான் வான்கோழி. 20ஆம் நூற்றாண்டில் பண்ணைகள் பெருகி, குளிர்பதனம் வந்து, விலை இறங்கிய பிறகே அது எல்லோர் வீட்டுக்கும் வந்தது. பிள்ளைகள் தாத்தா காலத்துப் பழக்கம் என்று நம்புவது உண்மையிலேயே தாத்தா காலத்தது மட்டும்தான். அதற்கு முந்தியது இல்லை.

ஜப்பானைப் பாருங்கள். மக்களில் நூற்றுக்கு ஒருவர் அளவில்தான் கிறிஸ்தவர்கள். கிறிஸ்துமஸுக்கு விடுமுறைகூடக் கிடையாது. 1974இல் கேஎஃப்சி அங்கே ஒரு விளம்பரம் செய்தது: கிறிஸ்துமஸுக்குக் கோழி வறுவல். இன்று அந்த இரவுக்காக முன்கூட்டியே பதிவு செய்து வரிசையில் நிற்கிறார்கள். ஒரு கடைக்காரரின் வியாபார யோசனை, ஐம்பது ஆண்டில் ஒரு தேசத்தின் பழக்கம்! விளம்பரக்காரனுக்கு இருக்கிற துணிச்சல் உங்கள் பாட்டிக்கு ஏன் இருக்கக் கூடாது?

அவ்வளவு தூரம் போக வேண்டாம். சீனப் பெருநாள் சமயத்தில் உங்கள் அலுவலகத்திலேயே எல்லோரும் எழுந்து நின்று, கையில் குச்சியோடு, சத்தம் போட்டுக்கொண்டு யீ சாங் கிளறியிருப்பீர்களே. அது ஏதோ சீனப் பேரரசர் காலத்துச் சடங்கு என்று நினைத்திருந்தால் ஏமாந்துபோனீர்கள். இன்றைய வடிவத்தை 1964இல் சிங்கப்பூரில் நான்கு சமையல்காரர்கள் கொடுத்தார்கள் என்கிறது ஒரு கட்சி. இல்லை, அதற்கு முன்பே சிரம்பானில் எங்கள் கடையில் இருந்தது என்கிறது இன்னொரு கட்சி. இரண்டு ஊரும் இன்னும் வழக்காடுகின்றன. எந்தக் கட்சி ஜெயித்தாலும் ஒன்று நிச்சயம். அது இந்த மண்ணில், நம் பெற்றோர் தலைமுறை கண்முன்னே பிறந்தது. மலேசியா 2009இல் அதைத் தன் பாரம்பரிய உணவுப் பட்டியலிலும் சேர்த்துவிட்டது.

இவர்கள் எல்லோரையும்விட எனக்குப் பிடித்தவர் கேரளத்துத் தலைச்சேரி மம்பள்ளி பாப்பு. பர்மாவில் பிஸ்கட் சுடக் கற்றுக்கொண்டு ஊர் திரும்பி, 1880இல் அடுமனை தொடங்கியவர். 1883இல் மர்டாக் பிரௌன் என்ற வெள்ளைக்காரத் தோட்ட முதலாளி, இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்த ஒரு கேக்கைக் காட்டி, இதேபோல் செய்ய முடியுமா என்று கேட்டாராம். பிராந்தி ஊற்ற வேண்டும் என்றும் சொன்னாராம். பாப்பு கேக் செய்து பழகியவர் அல்ல. ஆனாலும் கைகட்டி நிற்கவில்லை. உள்ளூர்க் கொல்லரிடம் அச்சு வார்க்கச் சொன்னார். பிராந்திக்குப் பதிலாக ஊரில் காய்ச்சிய பழச்சாராயத்தை ஊற்றினார். மலபார் வாசனைச் சரக்குகளைப் போட்டார். வெள்ளைக்காரர் ருசி பார்த்துவிட்டு இன்னும் ஒரு டஜன் வேண்டும் என்றார். தலைச்சேரிக்காரர்கள் இன்றுவரை சொல்லிப் பெருமைப்படும் கதை இது. அச்சு இல்லை, பிராந்தி இல்லை, முன் அனுபவம் இல்லை. இந்த மூன்று 'இல்லை'யில் ஒன்றுகூட அந்த மனிதரை நிறுத்தவில்லை. உங்களிடம் ஓவன் இருக்கிறது, யூடியூப் இருக்கிறது, பெரியம்மா தொலைபேசி எண் இருக்கிறது. உங்களை எது நிறுத்துகிறது?

இனி நம் வாசலுக்கு வருவோம்.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு நடை போங்கள். ஜாலான் துன் சம்பந்தனில் 1904இல் எழுந்த ஜெபமாலை மாதா கோயில். உள்ளே திரும்பினால் பாத்திமா மாதா கோயில், தமிழ் மெதடிஸ்ட் ஆலயம், சியோன் லூத்தரன் ஆலயம். கிள்ளானில் 1928இல் கட்டிய லூர்து மாதா கோயில். இந்தக் கோயில்களுக்குக் கால்நடையாகவும் லாரியிலும் வந்தவர்கள் எல்லோரும் ஒரே குசினியிலிருந்து வரவில்லை. ரயில்வே வேலைக்கு வந்த யாழ்ப்பாணத்தார் இருந்தார்கள். பிரிக்பீல்ட்ஸின் நூறு குவார்ட்டர்ஸ் குடியிருப்பில் புகைந்த அடுப்புகளில் எத்தனை ஊர் மசாலா! இலங்கைக்காரர் வீட்டுக் கிறிஸ்துமஸ் கேக்கில் ரவையும் முந்திரியும் விழும். நாகர்கோவில் பக்கத்துக்காரர் வீட்டில் முந்திரிக்கொத்து. தூத்துக்குடிக்காரர் முந்திரியும் முட்டை வெள்ளையும் அடித்த மக்ரூனை நினைத்து ஏங்குவார். அதுவே போர்த்துக்கீசியர் வழியாக வந்த பாதாம் பண்டம், பாதாமுக்குப் பதில் ஊர் முந்திரி விழுந்து வேறாக மாறியது. தோட்டத்து லயங்களில் ஆட்டை அடித்துக் கூறு போட்டு, ஒரே நாளில் ஐம்பது வீட்டிலும் ஒரே வாசனை கிளம்பும்.

பக்கத்து வீட்டிலோ மலாக்காவிலிருந்து வந்த கிறிஸ்தாங் குடும்பம். 1511இல் மலாக்காவைப் பிடித்த போர்த்துக்கீசியர் வழி வந்தவர்கள். அவர்களுடைய கறி டெபாலைத் தின்றிருக்கிறீர்களா? கிறிஸ்துமஸுக்கு மிஞ்சிய இறைச்சியையெல்லாம் மறுநாள் ஒரே சட்டியில் போட்டு, மிளகாய் விழுது, கடுகு, காடி சேர்த்துக் கண்ணில் தண்ணீர் வரக் காய்ச்சுவது. மிச்சத்தையே மகுடமாக்கிவிட்டார்கள்! அவர்கள் சிறிய சமூகம்தான். ஆனாலும் தங்கள் கறியை விருந்தாளி கண்ணில் படாமல் ஒளித்து வைக்கவில்லை. ரவையில் வெண்ணெயும் மஞ்சள் கருவும் பாதாமும் சேர்த்துச் சுடும் சூகி கேக் அவர்கள் கையிலிருந்து நம் வீடுகளுக்கும் வந்து எத்தனையோ காலமாயிற்று. கூச்சப்படாமல் கடன் வாங்குவதும் ஒரு தைரியம்தான்.

ஆக, உங்களிடம் இல்லாதது உணவு கிடையாது. "இதுதான் எங்கள் விருந்து" என்று நிமிர்ந்து சொல்லும் வாய்தான் இல்லை. தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறியபோது நாம் அடுக்குமாடிக்கு ஏறினோம். விறகடுப்பு போனது, கூறு போட்ட ஆடு போனது, கூட உட்கார்ந்து முறுக்குப் பிழிந்த பக்கத்து வீட்டு அக்காக்கள் பூச்சோங்குக்கும் ரவாங்குக்கும் சிதறினார்கள். அந்த வெற்றிடத்தில்தான் விளம்பரம் வந்து உட்கார்ந்தது. வெற்றிடத்தைக் காலியாக விட்டால் யாராவது வந்து நாற்காலி போடத்தான் செய்வார்கள். ஹோட்டலைக் குறை சொல்லாதீர்கள். எழுந்து போய் உங்கள் நாற்காலியைப் போடுங்கள்!

எப்படித் தொடங்குவது? ஒரே ஒரு பண்டம். ஒன்றே ஒன்று. பன்னிரண்டு வகை என்று திட்டம் போடுகிறவர் அடுத்த வருஷம் ஹோட்டலில்தான் இருப்பார். உங்கள் வீட்டில் பிள்ளைகள் கேட்டு வாங்கித் தின்பது எதுவோ, பெரியவர்கள் பெயர் சொல்லிப் பேசுவது எதுவோ, அதை எடுங்கள். அதைச் செய்யும் நாளையும் நேரத்தையும் குறித்துவிடுங்கள். கிறிஸ்துமஸுக்கு முந்திய சனிக்கிழமை மாலை என்றால் ஒவ்வொரு வருஷமும் அதே சனிக்கிழமை மாலை. முதல் வருஷம் எல்லோரும் வருவார்கள், புதுமை இழுத்து வரும். இரண்டாம் வருஷம்தான் உங்களுக்குப் பரீட்சை. மகனுக்கு உத்தாமா ஷாப்பிங் மாலில் கூட்டாளிகளோடு வேலை இருக்கும். மருமகளுக்கு அலுவலக விருந்து இருக்கும். உங்களுக்கே இடுப்பு வலிக்கும். அந்த இரண்டாம் வருஷம், இரண்டே பேர் வந்தாலும் அடுப்பை மூட்டுங்கள். மூன்றாம் வருஷம் வராதவர்களே தொலைபேசியில் "இந்தத் தடவ எப்பன்னு சொல்லுங்க" என்பார்கள்.

கிள்ளானில் என் சித்தி வீட்டில் அந்தப் பண்டம் அச்சு முறுக்கு. நீளக் காம்பு வைத்த பித்தளைப் பூ அச்சு. அரிசி மாவு, தேங்காய்ப்பால், முட்டை, சீனி சேர்த்துக் கரைத்த மாவு கரண்டியின் பின்பக்கத்தில் ஒட்டி நிற்கும் பதத்தில் இருக்க வேண்டும். அச்சை முதலில் காயும் எண்ணெயிலேயே மூழ்க வைப்பார். சூடு போதாவிட்டால் மாவு அச்சில் பிடிக்காது. சூடு மீறினால் தொட்டதும் சுருங்கி மாவுக்குள்ளேயே விழுந்துவிடும். பிடித்த பிறகும் அச்சின் முக்கால் உயரம்தான் மாவில் இறங்கலாம். விளிம்பைத் தாண்டினால் பூ கழன்று வராது, கத்தியால் சுரண்ட வேண்டியதுதான். எண்ணெயில் இறக்கி, ஓரம் லேசாகச் சிவக்கும் நேரத்தில் மணிக்கட்டை ஒரு குலுக்கு. பூ தனியாக மிதக்கும். இதைச் செய்யும்போது சித்தி யாருக்கும் பாடம் எடுப்பதில்லை. எட்டு வயதுப் பேத்தி கையில் காம்பைக் கொடுத்துவிட்டு, ஐந்து பூ உடையும் வரை பேசாமல் இருப்பார். ஆறாவது பூ கழலும்போது அந்தச் சின்னப் பெண்ணின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அவள் கோலாலம்பூரின் எந்தப் பெரிய கடையில் கிறிஸ்துமஸ் மரம் பார்த்தும் அப்படிச் சிரித்ததில்லை.

இதே பண்டத்தை மலாய்க்காரர்கள் குவே ரோஸ் என்று ஹரி ராயாவுக்குச் சுடுகிறார்கள். சீனர்கள் தங்கள் பெருநாளுக்குச் சுடுகிறார்கள். ஸ்வீடனிலும் நார்வேயிலும் கிறிஸ்துமஸுக்கே சுடுகிறார்கள். "அப்படியென்றால் இது எங்களுடையது என்று எப்படிச் சொல்வது?" என்று இழுக்காதீர்கள். உங்கள் வீட்டுப் பேத்தி கையால் கழன்ற பூ உங்களுடையதுதான். உரிமைப் பத்திரம் யாரும் கேட்கப்போவதில்லை.

இப்போது சாக்குப்போக்குகளை வரிசையாக வரச் சொல்லுங்கள், பதில் சொல்வோம்.

"எங்க வீட்டில் பாதிப் பேர் இந்துக்கள், மைத்துனர் மாட்டுக்கறி தொடமாட்டார். பக்கத்து வீட்டு மலாய் மக்சிக் ஹலால் பார்ப்பார். எல்லோருக்கும் பொதுவாக எப்படி விருந்து வைப்பது?" ஐயா, இது பலவீனம் என்று யார் சொன்னது? இதுதான் உங்கள் வீட்டின் பலம்! இருபத்து நான்காம் தேதி இரவு நடுச்சாமப் பூசை முடிந்து வந்து தின்பது குடும்பத்துக்கு மட்டும். பன்றிக்கறி வறுவலோ, இஞ்சி ஒயினோ, உங்கள் இஷ்டம். இருபத்தைந்தாம் தேதி பகல் திறந்த இல்ல உபசரிப்புக்குத் தனிச் சட்டி, தனிக் கரண்டி, ஹலால் கடைக் கோழி, மாட்டுக்கறி கிடையாது. மக்சிக் இன்னும் தயங்குவார் என்றால் ஹலால் சான்று பெற்ற சமையல்காரரிடம் அவர்கள் பங்கைச் சொல்லி வாங்குங்கள். சைவம் பார்ப்பவருக்கு நெய்ச்சோறும் கத்தரிக்காய்ப் பச்சடியும் தனியாக. கேக்குக்கு உலர்பழத்தை ஊறப் போடும்போது ஒரு போத்தலில் ரம்மும் ஒரு போத்தலில் ஆரஞ்சுச் சாறும் ஊற்றி, மேலே பெயர் எழுதி ஒட்டிவிடுங்கள். ஆரஞ்சுச் சாற்றில் ஊறியதை ஐஸ்பெட்டியில் வையுங்கள், அதிக நாள் தாங்காது. மலாய் அண்டை வீட்டுக்காரரும் சீனக் கூட்டாளியும் இந்து மைத்துனரும் ஒரே கூரையின் கீழ் பயமில்லாமல் கை நனைக்கும் கிறிஸ்துமஸ் மேசை லண்டனில் கிடையாது, ரோமில் கிடையாது. அதைக் கட்டி வைத்திருப்பது நீங்கள். அதை வைத்துக்கொண்டு உங்களிடம் ஒன்றுமில்லை என்கிறீர்களே!

"ஆட்டுக்கறி விலை ஏறிக்கிடக்கிறது." உண்மைதான். ஊர் ஆடு எட்டாத விலை. நாம் வாங்குவதில் பெரும்பகுதி ஆஸ்திரேலியாவிலிருந்து உறைந்து வருவது. அதனால் என்ன? பெரட்டலின் ருசி கறியின் எடையில் இல்லை. வெங்காயத்தை அவசரப்படாமல் சிவக்க விடுவதிலும், சோம்பும் பட்டையும் நட்சத்திரப்பூவும் எண்ணெயில் பொரியும் அந்த அரை நிமிஷத்திலும், கடைசியில் தண்ணீர் வற்றி எண்ணெய் பிரிந்து கறுக்கும்வரை பெரட்டும் பொறுமையிலும் இருக்கிறது. எலும்பைத் தனியாக எடுத்துப் பருப்பும் கத்தரிக்காயும் போட்டுத் தால்சா வைத்தால் ஒரே கறி இரண்டு கறியாகும். அதுவும் முடியாதா? உருளைக்கிழங்கும் முட்டையும் போட்டுப் பெரட்டுங்கள். இல்லாத நாளில் நம் தோட்டத்துப் பாட்டிகள் மரவள்ளிக்கிழங்கில் விருந்து காட்டியவர்கள். அந்த வம்சத்தில் பிறந்துவிட்டு விலையைக் கண்டு மூலையில் உட்காரலாமா?

"எனக்கு யாரும் இல்லை. பிள்ளைகள் ஆஸ்திரேலியாவில், நான் வாடகை அறையில்." இந்தச் சாக்கு வரும்போது மட்டும் என் குரல் கொஞ்சம் இறங்கும். ஆனாலும் விடமாட்டேன். போலந்துக்காரர்கள் கிறிஸ்துமஸுக்கு முந்திய இரவில் மேசையில் ஒரு தட்டு கூடுதலாக வைப்பார்கள், எதிர்பாராமல் வாசல் தட்டுகிறவருக்காக. நீங்கள் அந்தத் தட்டாக இருக்கலாம், அல்லது அந்தத் தட்டை வைக்கிறவராக இருக்கலாம். பிரிக்பீல்ட்ஸில் உங்கள் அறைக்கு மேல் மாடியிலேயே தர்மபுரிப் பையனோ, ஜோகூர்ப் பெண்ணோ லீவு கிடைக்காமல் உட்கார்ந்திருப்பார்கள். இரண்டு டம்ளர் அரிசியை நெய்ச்சோறாக்கி மாடிப்படி ஏறுங்கள். மூன்று வருஷம் ஏறிவிட்டால், நாலாம் வருஷம் அவர்களே இறங்கி வருவார்கள்.

தட்டைப் பகிர்வது என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. 2021 டிசம்பர் 18ஐ மறந்துவிட்டீர்களா? விடாமல் கொட்டிய மழையில் சிலாங்கூர் மூழ்கிய நாள். ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் கூரை தொடும் அளவுக்குத் தண்ணீர். படகுக்காகக் கூரைமேல் காத்திருந்த குடும்பங்களில் தமிழர்கள் எத்தனையோ பேர். அடுப்பு, சட்டி, மாவு டின், கேக்குக்கு ஊறப் போட்ட பழம், எல்லாம் சேற்றில். ஒரு வாரத்தில் கிறிஸ்துமஸ். அந்த நாட்களில் பெட்டாலிங் ஜெயா குருத்துவாராவில் சீக்கிய சகோதரர்கள் ஓயாமல் சமைத்தார்கள். மலாய்க்காரர், சீனர், இந்தியர் என்று பார்க்காமல் பொட்டலங்கள் போயின. எந்த மதத்துக்காரர் எந்த மதத்துக்காரருக்கு ஊட்டுகிறார் என்று ஒருவரும் கணக்கெடுக்கவில்லை. பாத்திரம் போனவர்களுக்கும் கைப்பழக்கம் போகவில்லை. அடுத்த டிசம்பரில் புதுச் சட்டியில் பழைய கறியைத் தாளித்தார்கள். அந்த வருஷத்தை மனத்தில் வைத்து, உங்கள் புதிய வழக்கத்தில் ஒரு வரியைச் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறேன்: விருந்துச் சட்டியிலிருந்து முதல் பொட்டலம் வீட்டுக்கு வெளியே போக வேண்டும். காவலாளியாக நிற்கும் நேப்பாளப் பையனுக்கோ, மருத்துவமனையில் துணைக்கு இருக்கும் உறவினருக்கோ, வேலை போன கூட்டாளிக்கோ. இலையில் கட்டி, பிள்ளை கையில் கொடுத்து அனுப்புங்கள். பத்து வயதில் பொட்டலம் கொண்டுபோன பிள்ளை முப்பது வயதில் தானே கட்டும்.

"என் பிள்ளைகளுக்கு இதெல்லாம் பிடிக்காது, பீட்சா கேட்பார்கள்." கேட்கட்டும்! பீட்சாவையும் வாங்கி ஓரத்தில் வையுங்கள், நான் அதற்கு எதிரி இல்லை. வான்கோழிக்கும் நான் எதிரி இல்லை. உங்கள் வீட்டில் அதை உண்மையாகவே ஆசையாகத் தின்பார்கள் என்றால் தாராளமாக ஆக்குங்கள். மிளகாய்த்தூளும் தயிரும் இஞ்சி பூண்டு விழுதும் தடவி ஒரு ராத்திரி ஊற வைத்துச் சுட்டால் அது உங்கள் வீட்டு வான்கோழியாகிவிடும். பாப்பு செய்ததும் அதுதானே! பண்டம் அவர்களிடமிருந்து, கைப்பக்குவம் நம்மிடமிருந்து. பிள்ளைகளைப் பற்றி ஒன்று மட்டும் சொல்வேன்: தின்ன மட்டும் கூப்பிட்டால் அவர்கள் பீட்சாவைத்தான் கேட்பார்கள். செய்யக் கூப்பிடுங்கள். பூண்டு உரிப்பது பெரியவனுக்கு, முட்டை அடிப்பது சின்னவளுக்கு, உப்புப் பார்ப்பது கடைக்குட்டிக்கு என்று வேலையைப் பட்டம் போலக் கொடுங்கள். கடைக்குட்டி உப்புப் பார்த்துத் தலையாட்டாமல் சட்டி இறங்காது என்று சட்டம் போடுங்கள். பார்ப்போம் அவன் அந்த இரவு வேறெங்காவது போகிறானா என்று.

இனி இந்த வாரமே செய்ய வேண்டிய ஒரு வேலை. உங்கள் குடும்பத்தில் எழுபதைத் தாண்டிய ஒரு கை இருக்கும். அத்தையோ, பெரியம்மாவோ, காப்பாரில் தனியாக இருக்கும் ஆயாவோ. கூப்பிடுங்கள். "அத்தை, அந்தக் கறியை எப்படி வைக்கிறீங்க?" என்று தொலைபேசியில் கேட்டால் "எல்லாம் ஒரு கண்ணளவுதான்யா" என்று முடித்துவிடுவார். விடாதீர்கள். சனிக்கிழமை காலை சாமான் வாங்கிக்கொண்டு நேரில் போங்கள். கையில் ஒரு சின்னத் தராசு கொண்டுபோங்கள். அவர் மல்லித்தூளைக் கையில் அள்ளியதும் சட்டியில் விழவிடாமல் தராசில் கொட்டச் சொல்லுங்கள், எழுதிக்கொள்ளுங்கள், பிறகு சட்டியில் போடச் சொல்லுங்கள். உப்புக்கும் அப்படியே, புளிக்கும் அப்படியே. ஏசுவார். "என் கைய நம்பாம தராசு கொண்டாந்திருக்கான் பாரு" என்பார். ஏசிக்கொண்டே செய்யட்டும். கைப்பேசியை அவர் முகத்துக்கு நேராகப் பிடிக்காதீர்கள், வெட்கப்பட்டுக் கரண்டியைக் கீழே வைத்துவிடுவார். கைக்கு நேராகப் பிடியுங்கள். கறி இறங்கியதும் ஒரு தட்டு அவருக்கு, ஒரு தட்டு உங்களுக்கு. தின்று முடித்துக் கை கழுவிய பிறகு, எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். எங்காவது ஒன்றை மறைத்திருப்பார், நிச்சயமாக மறைத்திருப்பார். அதையும் கேட்டு வாங்காமல் பேருந்து ஏறாதீர்கள்.